மங்கையர் முகத்தில் மீசையா? மனம் கலங்க வேண்டாம்!

அல்லாஹ்வின் திருவேதத்தை ஓதக் கற்பிக்கும் ஆசிரியைக்கு மாணவியின் குரல் மட்டும் போதாது. அவளுடைய உதடுகளும் தெரிய வேண்டும். பே, மீம், வாவ் ஆகிய மூன்று எழுத்துக்களும் உதடுகளிலிருந்தே பிறக்கின்றன. உதடு எவ்வாறு கூடுகிறது, எவ்வாறு விரிகிறது என்பதைக் கண்ணால் கண்டுதான் பிழையைத் திருத்த இயலும்.

சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரில், பெண்கள் மட்டுமே கூடியிருக்கும் எங்கள் மாலை நேர மதரஸாவில், பதினேழு வயது மாணவி ஒருத்தி சில மாதங்களாகத் துப்பட்டாவின் முனையால் வாயை மூடிக்கொண்டே ஓதி வந்தாள். சளி பிடித்திருக்கிறதோ, பல் வலியோ என்று முதலில் எண்ணினேன். ஒரு நாள், "துணியை எடும்மா, உதடு தெரியட்டும்" என்றேன். அவள் எடுக்கவில்லை. "வேண்டாங்க ஆலிமாம்மா" என்றவள் தலை கவிழ்ந்து அழத் தொடங்கினாள். மறுநாள் முதல் அவள் வரவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். மேலுதட்டிலும் தாடையிலும் கருமையான முடி வளர்ந்திருப்பதாகவும், கல்லூரியில் சிலர் ஆண்பிள்ளைப் பெயர் வைத்து அழைப்பதாகவும், பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் ஜாடையாகப் பேசிச் சென்றதாகவும் கூறினார். "இதை யாருகிட்டங்க போய்ச் சொல்றது? வெட்கத்தை விட்டு உங்ககிட்டச் சொல்றேன்" என்று அவர் சொன்னபோது, இத்துயரம் ஒரு வீட்டோடு நிற்பதன்று என்பதை உணர்ந்தேன். கடலூர், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என எவ்வூரை எடுத்தாலும், கண்ணாடிக்கு முன்னால் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்கும் இத்தகைய சகோதரியர் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இக்கட்டுரையை வரைகின்றேன்.

எது இயல்பு? எது நோய்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பெண்ணின் முகத்தில் முடியே இருக்கலாகாது என்பது இயற்கைக்கு மாறான எதிர்பார்ப்பாகும். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக மனித உடல் முழுவதும் மயிர்க்கால்கள் உள்ளன. கன்னத்தில் மெல்லியதாய், நிறம் குன்றியதாய்க் காணப்படும் பூனைமுடி நோயன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை.

மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு, முதுகு போன்று ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில் தடித்த கருமுடி வளர்வதையே மருத்துவர்கள் 'ஹிர்சூட்டிசம்' என்கின்றனர். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது காணப்படுகிறது. இதன் அளவைக் கணிக்க ஃபெரிமன், கால்வே என்னும் இருவர் 1961ஆம் ஆண்டு ஒரு முறையை வகுத்தனர். பின்னர் திருத்தப்பட்ட அம்முறைப்படி, உடலின் 9 பகுதிகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர், மொத்தம் 36. பல நாடுகளில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆராயத்தக்கது எனக் கொள்கின்றனர். எனினும் குடும்ப வாகு, இன வழி ஆகியவற்றுக்கேற்ப இது மாறுபடும். தாய்க்கும் பாட்டிக்கும் இருந்திருந்தால், மாதவிலக்கும் ஒழுங்காக இருந்தால், பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

காரணம் என்ன?

ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஆண்களுக்கே உரியது எனப் பலர் எண்ணுகின்றனர். அது பெண்களின் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது. சினைப்பைகளும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளும் அதனைச் சுரக்கின்றன. அவ்வளவு மிகும்போதோ, அளவு சரியாக இருந்தும் மயிர்க்கால்கள் அதற்கு மிகையாக இணங்கும்போதோ பூனைமுடி தடித்துக் கருமுடியாக மாறுகிறது.

இவ்வாறு பாதிக்கப்படும் பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் காணப்படும் காரணம், நம் வீடுகளில் 'நீர்க்கட்டி' என வழங்கப்படும் சினைப்பை நோயாகும். 1935ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் மருத்துவர்களான ஸ்டீன், லெவந்தால் ஆகிய இருவர் இதனை விரிவாக எழுதினர். இன்று உலகெங்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாகவும், அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிலக்குத் தள்ளிப் போதல், முகப்பரு, எடை கூடுதல், கழுத்தின் பின்புறம் கறுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது.

ஆகவே அன்னையர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். முகத்து முடி பல வேளைகளில் நோயன்று. நோய் வெளியே நீட்டிய விரல். அவ்விரலை மட்டும் வெட்டிவிட்டு உள்ளே இருப்பதை மறந்தால், பிற்காலத்தில் நீரிழிவு, குழந்தைப் பேறு தாமதமாதல், கருப்பையின் உட்சுவர் தடித்தல் போன்றவை தலைதூக்கக் கூடும். மகளுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு வராதிருந்தால், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது அறிவுடைமையாகாது.

பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பியின் ஒரு நொதி குறைந்திருப்பதும் ஒரு காரணமாகும். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேரும் மரபுக் குறை. இரத்த உறவினருக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய குறைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுதலாகும். மாமன் மகள், மாமி மகன் என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பத்தினர் இதனை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் இதனை அறிந்துகொள்ளலாம்.

இவை தவிர, எந்தக் குறையும் இன்றியே சிலருக்கு முடி வளர்வதுண்டு. மாதவிலக்கு முற்றிலும் நின்ற பின்னர்த் தாடையில் ஓரிரு தடித்த முடி தோன்றுவதும் இயல்பே.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சில மாதங்களுக்குள் மளமளவென முடி வளர்தல், குரல் தடித்தல், முன்தலை வழுக்கையாதல், தசைகள் ஆண்களைப் போல் திரளுதல் ஆகியவை சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருப்பதைக் காட்டக் கூடும். அரிதானதே எனினும், இதில் அலட்சியம் உயிருக்கே உலை வைக்கும்.

களிம்பு செய்த கேடு

எங்கள் மாணவியின் வீட்டில் நடந்ததை இங்கு சொல்லியாக வேண்டும். முகம் வெளுக்கவும் முடி உதிரவும் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, மருத்துவர் சீட்டு ஏதுமின்றி ஒரு மருந்துக் கடையில் களிம்பு வாங்கி ஐந்து மாதம் பூசியிருக்கிறார்கள். முதலில் முகம் பளபளத்தது. பிறகு வெயில் பட்டால் எரிந்தது, பருக்கள் கிளம்பின, கன்னத்தில் முன்பில்லாத இடத்திலும் முடி அடர்ந்தது. பூச்சை நிறுத்தினால் முகம் சிவந்து கொதித்தது.

அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தோல் நோய்க்கு மருத்துவர் சில நாட்களுக்கு அளந்து கொடுக்கும் மருந்தை அழகுச் சாதனமாய் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். பூசிய இடத்தில் முடி வளரும். இக்கேடு நாடெங்கும் பரவியதால்தான் 2018ஆம் ஆண்டு இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளோ இன்னும் கொடியவை. 2023ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பழுதான செய்தி நம்மை விழிப்படையச் செய்ய வேண்டும்.

மூத்தோர் கைமருந்துகளான கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, கோரைக்கிழங்கு ஆகியவற்றை இதமாகப் பூசுவதில் பெருந்தீங்கில்லை. ஆயினும் தடித்துவிட்ட முடியை அவை வேரோடு போக்கிவிடும் என நம்பிக் காலத்தை இழக்கலாகாது. பழைய காலத்து ஹம்மாம் குளியலறைகளில் சுண்ணாம்பும் தாளகமும் கலந்த 'நூரா' என்னும் பசை முடி நீக்கப் பயன்பட்டது. தாளகம் ஆர்செனிக் நஞ்சு கலந்த கனிமம். அத்தகைய கலவைகளை முகத்தருகே கொண்டு போகவே கூடாது.

மார்க்கம் தடுக்கிறதா?

"முகத்து முடியை எடுப்பது ஹராம் என்கிறார்களே, பிறகு எப்படி வைத்தியம் செய்வது?" என்று அந்தத் தாயார் கேட்டார். நியாயமான அச்சம்தான். முடி பிடுங்குவோரையும் பிடுங்கச் சொல்வோரையும் கண்டித்து வந்துள்ள ஹதீஸை அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது இடம் பெற்றுள்ளது. அதனைச் செவியுற்ற உம்மு யஃகூப் என்னும் பெண்மணி, நேரிலேயே சென்று அவர்களிடம் விளக்கம் கேட்டார். மார்க்கத்தில் பெண் கேள்வி கேட்பதும், மூத்த நபித்தோழர் ஒருவர் பொறுமையாய் விடை பகர்வதும் அன்றே நடந்திருக்கின்றன என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தத் தடை எதனைக் குறிக்கிறது? புருவத்தை மெலிதாக்குவதற்காக அதன் முடியை எடுப்பதையே அது குறிப்பதாக இமாம் அபூதாவூத் (ரஹ்) விளக்கியுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும் ஹிஜ்ரி 676இல் மறைந்தவருமான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், முஸ்லிம் நூலின் விரிவுரையில், பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதனை நீக்குவது தடையன்று, விரும்பத்தக்கதே எனத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் இதில் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்ததையும் அவர்களே எடுத்துரைக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், திமஷ்க் நகரின் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் இவ்வாறே நீக்குவது விரும்பத்தக்கது என்று எழுதியுள்ளார்கள். நம் பகுதியில் வாழும் இரு மத்ஹபினருக்கும் இதில் நெருக்கடி இல்லை. ஆனால் இதனையே சாக்காகக் கொண்டு புருவத்தைச் சிரைத்து வில்லாக்குவது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

நம் முன்னோர்கள் இதனைப் பேசத் தகாத பொருளாகக் கருதவே இல்லை. பெண்ணுக்கு வளர்ந்த தாடி அடர்த்தியாக இருந்தாலும் உளூச் செய்யும்போது உள்ளே தோல் வரை நீர் சேர வேண்டும் என ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறுகின்றன. இப்படி ஒரு பெண் தொழுகைக்கு நிற்பாள் என்பதை அந்த அறிஞர்கள் எண்ணிப் பார்த்துச் சட்டம் சொல்லியிருக்கிறார்கள். நாமோ அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்!

சில நடைமுறைச் செய்திகள்: இஹ்ராம் உடையில் இருக்கும்போது எந்த முடியையும் நீக்கலாகாது, ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் முன்னதாகவே முடித்துக்கொள்ள வேண்டும். தோலில் பூசும் களிம்பினாலும் லேசர் ஒளியினாலும் நோன்பு முறியாது. மாத்திரைகளை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெண் மருத்துவரை நாடுவதே முறை. அவர் கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு மட்டும், துணையோடு சென்று ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. நோய்க்கு மருந்து செய்து கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்களே நமக்குப் பணித்துள்ளார்கள்.

சிகிச்சை வழிகள்

முதலாவது, தற்காலிக வழிகள். சவரம் செய்தால் முடி தடித்து அடர்ந்து வளரும் என்னும் அச்சம் வீடுதோறும் உண்டு. அது உண்மையன்று என 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் பெண்மணி அளந்து காட்டினார். நுனி மெலிந்த முடி மட்டமாக வெட்டுப்படுவதால் மீண்டும் முளைக்கையில் தடித்தது போல் தோன்றுகிறது, அவ்வளவே. நூலால் எடுப்பதும், மெழுகால் எடுப்பதும் சில வாரங்கள் தாங்கும். நூலும் கையும் தூய்மையாக இல்லாவிட்டால் கொப்புளமும் கரும்புள்ளியும் வரும். முடி நீக்கும் களிம்புகளை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சோதித்த பின்னரே முகத்தில் இட வேண்டும்.

இரண்டாவது, உள்ளிருந்து செய்யும் மருத்துவம். உடல் எடை மிகுந்தவர்கள் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே மாதவிலக்கு ஒழுங்குபடுவதுண்டு. வெள்ளிக் கடற்கரையிலும் பரங்கிப்பேட்டைக் கரையிலும் ஆண்கள் காலாற நடக்கின்றனர். பர்தாவோடு நம் பெண்களும் நடக்கலாமே! மொட்டை மாடியிலாவது நடக்கலாமே! பரோட்டாவும் ஹல்வாவும் விருந்துக்கு இருக்கட்டும். அன்றாட உணவில் கீரையும் மீனும் பயறும் இடம்பெறட்டும்.

ஹார்மோனை நெறிப்படுத்த மருத்துவர்கள் முதலில் கொடுப்பது பெரும்பாலும் கருத்தடை மாத்திரைகளையே. மணமாகாத மகளுக்கு இம்மாத்திரையா என்று அன்னையர் அதிர்ச்சியடைகின்றனர். எங்கள் மாணவியின் தாயாரும் அந்தச் சீட்டைக் கிழித்தெறியும் நிலைக்கு வந்துவிட்டார். இம்மாத்திரை மிகுந்துவிட்ட ஆண்ட்ரோஜனின் வேகத்தைத் தணிக்கும் மருந்து. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை அல்லவா? இங்கு எண்ணம் நோய் தீர்ப்பதே. மருந்தை நிறுத்தியதும் கருத்தரிக்கும் தன்மை திரும்பி வரும். ஆயினும் இரத்தம் உறையும் நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கு இது பொருந்தாது. ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மற்றொரு மருந்தைக் கருவுற்றிருப்போரும் கருவுறும் வாய்ப்புள்ளோரும் மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடவே கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியை அது பாதிக்கும். எந்த மருந்தானாலும் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். முடியின் வளர்ச்சி சுழற்சி அத்தகையது. ஒரு மாதத்தில் பலனில்லை என்று மருத்துவரை மாற்றுவது வீண் செலவே.

மூன்றாவது, மயிர்க்காலையே செயலிழக்கச் செய்தல். ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோலிசிஸ் முறையை 1875ஆம் ஆண்டு சார்லஸ் மிஷெல் என்னும் கண் மருத்துவர், கண்ணுக்குள் குத்தும் இமை முடியை அகற்றுவதற்காகக் கையாண்டார். ஒவ்வொரு முடியாக எடுப்பதால் காலம் பிடிக்கும். எனினும் நரைத்த முடிக்கும் இது பயன்படும். லேசர் ஒளியோ முடியிலுள்ள கருமையை நாடிச் சென்று சூடாக்கி மயிர்க்காலைச் சிதைக்கிறது. எனவே நரைமுடிக்கு அது பயன்படாது. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் தோல் வெந்து போகாமலிருக்க 'என்டி யாக்' போன்ற ஏற்ற லேசரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவரிடமே செல்ல வேண்டும். 4 முதல் 6 வார இடைவெளியில் ஆறு முறையாவது செய்ய நேரிடும். அக்காலத்தில் முடியைப் பிடுங்கலாகாது, சவரம் செய்யலாம். லேசர் முடியைக் குறைக்குமே தவிர ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிடாது. சிலருக்கு, பூனைமுடி உள்ள இடத்தில் லேசர் பட்டதால் முடி கூடியதும் உண்டு. உள்நோய்க்கு மருந்தின்றி லேசர் மட்டும் செய்தால் புதுமுடி மீண்டும் தலைகாட்டும். ஆகவே அழகு நிலைய விளம்பரத்தைக் கண்டு பணத்தைக் கொட்டுமுன் தோல் மருத்துவரைக் கண்டு ஆலோசிப்பதே நலம்.

எங்கே செல்வது?

வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப் பெற்று, இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனை சிதம்பரம் அண்ணாமலை நகரிலேயே உள்ளது. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான ஹார்மோன் குறைகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணமே. முதலில் மகப்பேறு மருத்துவரையோ தோல் மருத்துவரையோ காணுங்கள். மாதவிலக்கு வந்த தேதிகள், உட்கொள்ளும் மருந்துகள், பூசும் களிம்புகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். வெட்கத்தால் மறைத்துவிட்டால் மருத்துவர் எதைக் கொண்டு நோயை அறிவார்?

நாவைக் காப்போம்

2024ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 591 மதிப்பெண் பெற்று மாநிலத்திலேயே முதலிடம் பெற்றாள் ஒரு சிறுமி. நாடு அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் அவளுடைய புகைப்படத்தில் மேலுதட்டு முடியைக் கண்ட பலர் சமூக ஊடகங்களில் எள்ளி நகையாடினர். மதிப்பெண்ணைக் காணாமல் மயிரைக் கண்ட கண்களை என்னென்பது!

ஒருவரையொருவர் பரிகசிக்காதீர்கள், பட்டப் பெயர் சூட்டாதீர்கள் என அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் நம்மை எச்சரிக்கிறான். அங்கு ஆண்களை விலக்கிய பின்னர், பெண்களையும் தனியே விளித்து விலக்குவதை எண்ணிப் பாருங்கள். திருமண வீட்டில் ஒரு பெண்ணின் முகத்தை உற்று நோக்கி, பக்கத்தில் இருப்பவரின் காதில் கிசுகிசுக்கும் நம் சகோதரியர்க்கு அந்த ஒரு வசனம் போதாதா?

பெண்ணைப் பெற்றோருக்கும் ஒரு சொல். வரன் பேசும்போது குறையை மறைத்துப் பேசி, பின்னர் மணவாழ்வில் கசப்பை விதைக்காதீர்கள். "இப்படி ஒரு ஹார்மோன் குறை இருக்கிறது, வைத்தியம் பார்த்து வருகிறோம்" என்று மாப்பிள்ளையின் தாயாரிடம் பக்குவமாய்ச் சொல்லுங்கள். அதைக் கேட்டு விலகுபவர் விலகட்டும். மணமாகும் ஆண்மக்களும் அறிய வேண்டும்: மனைவியின் மாத்திரைச் சீட்டைக் கேலி செய்யாமல், அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவனே நல்ல கணவன்.

எங்கள் மாணவி எட்டு மாதமாய்ச் சிகிச்சை பெற்று வருகிறாள். களிம்பை நிறுத்தியதால் முதல் இரண்டு மாதம் முகம் மிகவும் சிவந்து துன்பப்பட்டாள். மாதவிலக்கு இப்போது ஒழுங்குபட்டுள்ளது. தாடையில் முடி முற்றிலும் போய்விடவில்லை. வாரம் ஒருமுறை நீக்கிக்கொள்கிறாள். சென்ற மாதம் மீண்டும் மதரஸாவுக்கு வந்தாள். துப்பட்டா தலையில் இருந்தது; வாயில் இல்லை. மீம் எழுத்தில் அவளுடைய உதடுகள் முழுமையாகக் கூடவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓதும்மா" என்று திருத்தினேன். திருத்தியபடியே ஓதினாள். மற்ற பிள்ளைகள் தத்தம் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற நம் சகோதரியர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண நலத்தையும், அவர்களைச் சூழ்ந்திருக்கும் நமக்கு நாவடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.